தோட்டப் பயிர்களின் வரலாறு – 14: தாழ்ந்த மலையில் உயர்ந்த காப்பி

சிறப்புக் காப்பி என்னும் வணிகப் பெயர், பயிற்சி பெற்ற சுவைஞர்கள் நூற்றுக்கு எண்பதோ அதற்கு மேலோ மதிப்பெண் தந்த, வறுக்காத கொட்டையின் 350 கிராம் மாதிரியில் முற்றிலும் கறுத்ததோ புளித்ததோ ஒன்றுகூட இல்லாத காப்பிக்கே மரபாக உரியது. இந்த அளவுகோல் அரபிகா இனத்தை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டது. நிலநடுக்கோட்டுக்கு அருகே அச்செடிக்கு ஏறத்தாழ 1,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தின் குளிர்ச்சி வேண்டியிருப்பதாலும், குளிரில் பழம் நிதானமாகப் பழுத்துக் கொட்டை கெட்டிப்படுவதாலும், நல்ல காப்பி என்றாலே உயர்மலைக் காப்பி என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. அந்தக் கணக்கில் மலேசியாவின் கெடா மாநிலம் தேறாது. அங்குள்ள புகழ்பெற்ற குனோங் ஜெராய் மலையின் உச்சியே 1,217 மீட்டர்தான்.

ஆயினும் கெடாவின் தோட்டங்களுக்குத் தமிழர் வந்து சேர்ந்த வரலாற்றில் காப்பிக்கு மறைமுகமான பங்கு உண்டு. 1869-இல் இலங்கையில் தலைகாட்டிய இலைத்துரு நோய், அதாவது இலையின் அடியில் செம்மஞ்சள் பொடியாகப் படர்ந்து இலையை உதிர்த்துவிடும் பூஞ்சை, அந்நாட்டுக் காப்பித் தொழிலை அழித்தபோது, துரைமார் சிலர் மலாயாவுக்குப் பெயர்ந்து சிலாங்கூரிலும் நெகிரி செம்பிலானிலும் காப்பி பயிரிட்டனர். ஊரிலிருந்து ஆள்கட்டிக் கொண்டுவரும் கங்காணி முறையும் அவர்களைப் பின்தொடர்ந்தது. 1890-களின் பிற்பகுதியில் பிரேசிலின் மிகைவிளைச்சலால் விலை சரிந்ததும் காப்பி நிரைகளுக்கு நடுவே ரப்பர் கன்றுகள் ஏறின. 1909-இல் சயாமின் மேலாண்மையிலிருந்து பிரிட்டிஷார் கைக்கு மாறிய கெடாவில், கூலிம், சுங்கை பட்டாணி வட்டாரங்களில் பெருந்தோட்டங்கள் பெருகியபோது காப்பியின் காலம் முடிந்திருந்தது. அங்கே காடு வெட்டியவர்கள் பெரும்பாலும் பால்மரத்தையே நட்டார்கள்.

மலாயாவில் அந்தச் சரிவுக்குப் பின்னும் பிழைத்து நின்றது லைபீரிகா. மேற்கு ஆப்பிரிக்கத் தாழ்நிலத்தைச் சேர்ந்த இவ்வினம், கவாத்து செய்யாமல் விட்டால் பதினைந்து மீட்டருக்கும் மேல் மரமாகவே ஓங்கும். மலை அதற்குத் தேவையில்லை. இன்றும் மலேசியக் காப்பி நிலத்தின் பெரும்பகுதி அதற்குரியது. கியூ தாவரவியல் தோட்டத்தின் ஆரன் டேவிஸ் முதலானோர் 2022-இல் இதன் மறுவருகையைப் பற்றி எழுதியதற்குக் காரணமும் வெப்பத்தை அது தாங்கும் என்பதே. ஆனால் வேலை கடினம். பழம் பெரிது, தோல் தடிப்பு. அரபிகாவுக்கு அமைத்த பல்ப்பர், அதாவது சதையை உரிக்கும் இயந்திரம், இதனிடம் திணறும். பறித்த பழத்தை நேரத்தில் உரிக்காவிட்டால் குவியலின் அடி சூடேறிக் கொட்டையில் புளிப்பு ஏறிவிடும். பழுத்ததை மட்டும் பறித்து, பக்குவமாக உலர்த்தினால் பலாப்பழ மணம் கிடைக்கிறது. கோப்பிக் கடைக் குவளையில் அந்த மணம் தெரிவது அரிது. சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்துக் கறுக்க வறுக்கும் முறை, கொட்டையின் குறையை மூடுவதில் எவ்வளவு கெட்டியோ நிறையை மூடுவதிலும் அவ்வளவு கெட்டி.

ஆகவே உயரத்தைவிட முக்கியமான கேள்வி, மரத்திலிருந்து வறுக்கும் சட்டி வரை பழம் யார் கையில் இருக்கிறது என்பதுதான். தமிழகத்தின் சேர்வராயன், பழனி மலைகளில் உயரத்துக்குக் குறைவில்லை; இருந்தும் 1942-ஆம் ஆண்டுக் காப்பிச் சட்டத்தின் கீழ் விளைச்சல் காப்பி வாரியத்தின் பொதுத் தொகுப்புக்குப் போனதால், தரத்துக்கேற்பப் பணம் வந்தாலும், பழனி மலையிலுள்ள தாண்டிக்குடிக் குடும்பமொன்றின் பெயர் அந்தக் குவியலில் கரைந்துபோயிற்று. 1990-களில் அக்கட்டுப்பாடு படிப்படியாகத் தளர்ந்து நீங்கிய பிறகே தோட்டத்தின் பெயரைப் பையில் அச்சிட்டு விற்கும் வழி விரிந்தது.

கெடாத் தோட்டத் தமிழரில் பெரும்பாலோருக்குப் பழத்தைக் கையில் வைத்திருக்க நிலமே இருந்ததில்லை. தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்ட காலத்தில், துன் வீ.தி. சம்பந்தன் முன்னின்று 1960-இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் முதலில் வாங்கிய தோட்டம் கெடாவின் புக்கிட் சிடிம் என்பது பெருமைக்குரியதே. எனினும் அது பங்குதாரர்களின் பொதுச் சொத்தேயன்றி ஒரு குடும்பம் தன் விருப்பப்படி நட்டுப் பார்க்கும் காணி அன்று. லைபீரிகாவோ ஆண்டு முழுதும் விட்டுவிட்டுக் காய்ப்பது. சில வாரங்களுக்கு ஒருமுறை அதே மரத்துக்குத் திரும்பிவந்து பழுத்ததை மட்டும் பொறுக்க வேண்டும். ஆளுக்கு நாட்கூலி கணக்கிடும் பெருந்தோட்ட நிர்வாகத்துக்கு இது கட்டுபடியாகாது. இரண்டு மூன்று ஏக்கரில் தென்னைக்கு நடுவே ஊடுபயிராக வைத்துக்கொள்ளும் வீட்டுக்கு மட்டுமே கட்டுபடியாகும்.