சுண்ணாம்புச் சுவருக்குள் வைஃபை வேட்டை

புதுச்சேரியின் பழைய வீட்டில் வைஃபை சரிசெய்யும் வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? இல்லையென்றால் வாருங்கள், இப்போதே கூட்டிப் போகிறேன்!

பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பகுதியில், திண்ணை வைத்த ஒரு மாடி வீடு. கீழே மரத்தூண், தாழ்வாரம், முற்றம் என்று அசல் தமிழ் வீடு. படியேறிப் போனால் வளைவு வைத்த சன்னல்களும் சுவரோடு ஒட்டிய அலங்காரத் தூண்களுமாகப் பிரெஞ்சுச் சாயல். கீழே ஒரு நாகரிகம், மேலே ஒரு நாகரிகம் என்று கட்டிய இந்த வகை வீடுதான் புதுச்சேரியின் பெருமை. அதற்குள் ஒரு சின்ன ரூட்டர் என்ன பாடுபடுகிறது என்று பார்க்கப் போகிறோம்.

வீட்டுக்கார அம்மாவின் புகார் இது: “தம்பி, முன்ரூம்ல நின்னா பாரிஸ்ல இருக்கிற பேரன் மொகம் பளிச்சுனு தெரியுது. கூடத்துக்கு வந்தா அப்படியே ஒறைஞ்சு போவுது. மாடிக்குப் போனா ஆளே காணாம போயிடுறான்.”

சரிசெய்ய வந்திருக்கும் தம்பி பையைத் திறக்கிறார். புது ரூட்டர் எதுவும் அதில் இல்லை என்பதைப் பார்த்ததுமே எனக்கு அவரைப் பிடித்துப் போயிற்று. முதலில் அவர் பார்ப்பது ஃபைபர் பெட்டியின் விளக்கை. ‘லாஸ்’ என்று எழுதிய விளக்கு சிவப்பாகச் சிமிட்டினால் கண்ணாடி இழையில் ஒளியே வரவில்லை என்று அர்த்தம். இங்கே சிமிட்டவில்லை. ஆனாலும் அந்த இழையைக் கழற்றி, ஒளியின் பலத்தை அளக்கும் பவர் மீட்டரில் செருகுகிறார். டெசிபல் கணக்கில் மைனஸ் இருபது காட்டுகிறது. மைனஸ் எட்டிலிருந்து மைனஸ் இருபத்தேழு வரை இருந்தால் பெட்டி ஒளியைப் படித்துவிடும். அதற்கும் கீழே இறங்கினால் திணறும். இழையைச் சுவர் மூலையில் கூராக மடக்கி ஆணி அடித்திருந்தால் ஒளி அந்த மடிப்பில் கசிந்துவிடும். இங்கே அந்தத் தவறும் இல்லை.

அடுத்தது, பெரும்பாலானோர் செய்யாமலே விடும் சோதனை. லேப்டாப்பை லேன் கேபிளால் நேரே ரூட்டரில் மாட்டுகிறார். வீடியோ ஓடு ஓடு என்று ஓடுகிறது! கேபிளை உருவிவிட்டு வைஃபையில் சேர்ந்து, கூடத்தில் உட்கார்ந்து ரூட்டருக்கே ‘இருக்கிறாயா’ என்று கேட்கும் ‘பிங்’ அனுப்புகிறார். பதில் ஒருமுறை 3 மில்லிசெகண்டில் வருகிறது, அடுத்தது 400, அதற்கடுத்தது வரவே இல்லை. இணையம் வரைக்கும் போகவேண்டாம், வீட்டுக்குள்ளேயே இந்த நிலை.

“லைன்ல கோளாறு இல்லம்மா. காத்துலதான் கோளாறு.”

இந்த ஒரு வரியைக் கேட்காமல் எத்தனை வீடுகளில் கம்பெனியை மாற்றுகிறார்கள், பிளானை ஏற்றுகிறார்கள்! 100 எம்பியை 300 ஆக்கினாலும் கூடத்துச் சுவர் அப்படியேதானே இருக்கும்?

இப்போது அசல் வேட்டை. போனில் ஓர் இலவச ஆப், அதில் சிக்னலின் பலம் டெசிபல் கணக்கில் ஓடிக்கொண்டிருக்கிறது. நாங்கள் அதைப் பார்த்தபடி அடிமேல் அடி வைத்து நடக்கிறோம். முன்னறையில் மைனஸ் 40. தாழ்வாரத்தில் மைனஸ் 56. கூடத்துக்குள் கால் வைத்ததும் மைனஸ் 72! ஒவ்வொரு பத்துக்கும் பலம் பத்தில் ஒரு பங்காகச் சுருங்குகிறது என்பதை நினைவில் வைத்தால் இந்த எண்கள் தலைசுற்ற வைக்கும். வீட்டு ரூட்டர் சுமார் 100 மில்லிவாட் அனுப்புகிறது என்று வையுங்கள். மைனஸ் 70 என்றால் உங்கள் போனுக்கு வந்து சேர்வது அதில் 100 கோடியில் ஒரு பங்கு. அந்தத் துளியிலிருந்து பேரனின் முகத்தை அது வரைந்து காட்டுகிறதே, அதை நினைத்தால் எனக்கு இன்னும் புல்லரிக்கிறது!

சுவருக்கு வருவோம். செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் சேர்த்துக் கட்டிய ஒன்றரை அடிச் சுவர். அலை நேராக நுழைந்தால் ஒன்றரை அடி. சாய்ந்து நுழைந்தால் அதைவிட நீளமான பயணம் உள்ளேயே. முன்னறை மூலையிலிருந்து கூடத்தின் எதிர்மூலைக்குப் போகும் அலை சாய்ந்துதான் போகிறது. இன்னொன்றைத் தம்பி சொன்னபோது துள்ளிவிட்டேன்: ஐப்பசி மழையில் சுவர் ஈரம் குடித்துவிட்டால் சிக்னல் இன்னும் இறங்கும். அலையைத் தண்ணீர் விழுங்கும். “மழைக்காலத்துல நெட் ஸ்லோ” என்று ஊரில் பேசுவதில் இந்தச் சுவருக்கும் ஒரு பங்கு உண்டு.

சுவரைக் கடக்கும் அலை நம் நாட்டுக்குப் புதிதே அல்ல. 1895-இல் கொல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் ரேடியோ அலையைச் சுவர்களுக்கு அப்பால் அனுப்பி மணியை ஒலிக்க வைத்தார், வெடிமருந்தைப் பற்ற வைத்தார். பார்க்க வந்தவர்கள் வாயடைத்துப் போயிருப்பார்கள்!

எந்த அலை எவ்வளவு தூரம் போகும் என்பதற்குப் புதுச்சேரியிலேயே அருமையான உதாரணம் இருக்கிறது. 1998-இல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாக வைத்துச் சுற்றுவட்டாரக் கிராமங்களைக் கம்பியில்லாமல் இணைத்தது. கிராமத்துத் தொலைபேசி இணைப்பை நம்பமுடியாத காலம். அதனால் விஎச்எஃப் வயர்லெஸ் செட்டுகளையே தகவல் கடத்தப் பழக்கினார்கள். மின்சாரத்துக்குச் சூரியத் தகடு. வீராம்பட்டினத்து மீனவர்களுக்கு அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயர முன்னறிவிப்பை எடுத்து ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். 2004 சுனாமி அன்று நல்லவாடு கிராமத்தில், சிங்கப்பூரிலிருந்து வந்த தொலைபேசி எச்சரிக்கையைக் கேட்டதும், இந்தத் திட்டத்தின் ஒலிபெருக்கியில்தான் ஊரை எழுப்பி வெளியேற்றினார்கள்.

விஎச்எஃப் அலையின் நீளம் 1 முதல் 10 மீட்டர் வரை. கிலோமீட்டர் கணக்கில் போகும், ஆனால் சுமக்கும் தகவல் கொஞ்சம். வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுமார் 12 சென்டிமீட்டர். 5 கிகாஹெர்ட்ஸ் அலை அதில் பாதிகூட இல்லை: வேகம் அபாரம், சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். அதனால்தான் முன்னறையில் பறந்த போன், கூடத்தில் 5-ஐ விட்டு 2.4-க்கு இறங்குகிறது.

அந்த 2.4-இல் என்ன கூட்டம் தெரியுமா! 2005 ஜனவரியில் உரிமம் இல்லாமலே பயன்படுத்தலாம் என்று மத்திய அரசு அறிவித்த அலைவரிசை அது. 5-இல் இந்தச் சலுகை 2018-இல் விரிந்தது. 2.4-இல் 13 சேனல்கள் இருந்தாலும், பக்கத்துப் பக்கத்துச் சேனலுக்கு இடையே 5 மெகாஹெர்ட்ஸ்தான். ஒரு ரூட்டருக்கு வேண்டியதோ 20. ஆகவே ஒன்றோடொன்று மோதாமல் நிற்க வழக்கமாகப் பயன்படுத்துபவை 1, 6, 11 மூன்றே. தெருவோரம் நின்று ஆப்பைத் திறந்தால், சுற்றியுள்ள விடுதிகளும் வீடுகளும் 6-இல் குவிந்து கிடக்கின்றன. யாரோ ஒருவர் 4-இல் உட்கார்ந்து இரண்டு பக்கமும் இடிக்கிறார். வைஃபை பேசுவதற்கு முன் காதுகொடுத்துக் கேட்கும். காற்று காலியானால்தான் வாய் திறக்கும். கூட்டம் கூடினால் காத்திருப்பும் கூடும். ஆனால் உள்ளறைக்குப் போய்ப் பாருங்கள், பக்கத்து வீட்டு வைஃபை பெயர்கள் ஒவ்வொன்றாக மறைகின்றன! நம் அலையை அடைக்கும் அதே சுவர் பக்கத்து வீட்டு அலையையும் வெளியே நிறுத்துகிறது. ரூட்டரை உள்ளே கொண்டுவந்தால் போதும், அதே தடித்த சுவர் நம் பக்கம் சேர்ந்துவிடும்.

எங்கே வைப்பது? இதற்குத்தான் நான் ஆவலோடு காத்திருந்தேன். தம்பி சுற்றிப் பார்த்துவிட்டு முற்றத்தைக் கைகாட்டினார். வானம் பார்த்த அந்த வெற்றிடத்தைச் சுற்றித்தான் வீட்டின் எல்லா அறைகளும் வாசல் வைத்திருக்கின்றன. முற்றத்தை ஒட்டிய தாழ்வாரத்து மூலையில், நனையாத உயரத்தில் ரூட்டரை மாட்டினால், அலை சுவரைத் துளைக்காமல் கதவு வழியாகவே அறைக்குள் நுழையும், மேலே மாடித் தாழ்வாரத்துக்கும் ஏறும். காற்றும் வெளிச்சமும் வரக் கட்டியவர்கள் வைஃபைக்கும் வழிவிட்டிருக்கிறார்கள்!

ஆன்டெனாவிலும் ஒரு நுணுக்கம். நிமிர்ந்து நிற்கும் ஆன்டெனாவைச் சுற்றி அலை மெதுவடை வடிவத்தில் பரவுகிறது. பக்கவாட்டில் தாராளம், நேர் மேலே ஓட்டை. எல்லாவற்றையும் நிமிர்த்தி வைத்தால் மாடிக்கு ஓட்டைதான் கிடைக்கும். ஒன்றை மட்டும் படுக்கப் போட்டார். மாடி மைனஸ் 83-இலிருந்து மைனஸ் 66-க்கு வந்தது!

மாடிக் கோடி அறைக்கு இரண்டாவது பெட்டி தேவைப்பட்டது. ரிப்பீட்டர் வேண்டாம் என்றார். கேட்டதையே அதே அலையில் திரும்பச் சொல்லும் சாதாரண ரிப்பீட்டரில் வேகம் பாதியாகிவிடும். லேன் கேபிள் இழுத்து ஆக்சஸ் பாயின்ட் வைப்பதே சரி. இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு. எந்தப் பெட்டியோடு சேர்வது என்று முடிவு செய்வது ரூட்டர் அல்ல, போன். சில போன்கள் பழையதை விடவே விடாது. அதனால் இரண்டு பெட்டியின் பலத்தையும் கொஞ்சம் குறைத்தார். குறைத்ததும் கைமாறுவது சுலபமாயிற்று. கூட்டினால்தான் நல்லது என்று நினைத்திருந்த எனக்கு இது பெரிய ஆனந்தம்.

கேபிளுக்காகச் சுண்ணாம்புச் சுவரில் டிரில் போடவில்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். கதவுக்கு மேலிருந்த காற்றுத் துவாரம் வழியாகவே ஏறிப் போயிற்று. இந்தச் சுவர்களைப் பழையபடி பூசத் தெரிந்த கொத்தனார்கள் குறைந்துவிட்டார்கள். ஓர் ஒயருக்காக ஒரு பூச்சைப் பெயர்ப்பது வேண்டவே வேண்டாம். மாடிக்குப் போன கேபிளின் வெளிமுனையை ரப்பர் உறை போட்டு மூடினார். கடற்காற்று பட்டால் அந்தச் செருகியின் பின்கள் பச்சை பூத்துவிடுமாம். கழற்றிப் போட்ட பழைய செருகியைக் கேட்டு வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். எட்டுப் பின்னில் இரண்டு ஏற்கெனவே பச்சை!