ஒன்பதிலும் வென்ற அணிக்கு மறுக்கப்பட்ட ஆட்டம்

1951-ஆம் ஆண்டில் சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணி, ஆடிய ஒன்பது ஆட்டங்களிலும் வென்றது. தோல்வி இல்லை, சமனும் இல்லை. அப்படியிருந்தும் பருவ இறுதியில் நடக்கும் எந்த 'பவுல்' ஆட்டத்திலும் அந்த அணி களம் இறங்கவில்லை. அந்தப் பருவத்தோடு பல்கலைக்கழகமும் கால்பந்து அணியைக் கலைத்துவிட்டது. மோதிய அணிகள் வலுவில்லாதவை, அதனால்தான் அழைப்பு வரவில்லை என்று இன்றும் சிலர் சொல்வதுண்டு. சான்றுகளைச் சேர்த்துப் பார்த்தால் அந்த விளக்கம் போதவில்லை. அந்த அணியைத் தடுத்தது அதன் ஆட்டத்தரம் அல்ல, அதிலிருந்த இரு கறுப்பின வீரர்களின் தோல் நிறம்.

இதைப் புரிந்துகொள்ள அன்றைய ஏற்பாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். அப்போது கல்லூரிக் கால்பந்தில் அரையிறுதி, இறுதி என்று எதுவும் கிடையாது. வாக்கெடுப்புகளே தேசிய சாம்பியனைத் தீர்மானித்தன. அசோசியேட்டட் பிரஸ் பத்திரிகையாளர்களிடம் நடத்திய வாக்கெடுப்பு பவுல் ஆட்டங்களுக்கு முன்பே முடிந்துவிடும். அந்த ஆண்டு முதலிடம் பெற்ற டென்னஸி, புத்தாண்டு நாளில் மேரிலாந்திடம் 28-13 என்று தோற்றது. பவுல் ஆட்டங்களை அந்தந்த ஊர்க் குழுக்கள் நடத்தின. யாரை அழைப்பது என்பது அவர்கள் விருப்பம். கலிஃபோர்னியாவின் ரோஸ் பவுல், இரண்டு பெரிய கூட்டமைப்புகளுக்கு இடையிலான ஒப்பந்தத்தால் கட்டுண்டிருந்தது. எந்தக் கூட்டமைப்பிலும் சேராத சான் பிரான்சிஸ்கோ போன்ற சிறிய ஜெசூயிட் கல்விநிலையத்துக்கு அங்கே இடமில்லை. மியாமியின் ஆரஞ்சு பவுல், நியூ ஆர்லியன்ஸின் சுகர் பவுல், ஜாக்சன்வில்லின் கேட்டர் பவுல் போன்றவையே எஞ்சிய பெரிய வாய்ப்புகள். இவை மூன்றும் இனப்பிரிவினை சட்டமாகவே இருந்த தென்மாநிலங்களில் நடந்தவை.

ஜோ குஹாரிச் பயிற்றுவித்த அந்த அணியின் முதுகெலும்பு ஆலி மேட்சன். பந்தை ஏந்தி ஓடி அந்தப் பருவத்தில் அவர் கடந்த 1,566 கெஜம் நாட்டிலேயே மிக அதிகம். 21 டச்டவுன்களும் அவர் கணக்கில் சேர்ந்தன. தற்காப்பில் எதிரணியை மடக்கியவர் பர்ல் டோலர். இந்த இருவரும் கறுப்பினத்தவர். வெள்ளையர்களான ஜீனோ மார்செட்டி, பாப் செயின்ட் கிளேர் ஆகியோருடன் மேட்சனும் பின்னாளில் தொழில்முறைக் கால்பந்தின் புகழரங்கில் இடம்பெற்றார். ஒரே பருவத்தில் ஒரே கல்லூரிக்காக ஆடிய மூவர் அந்த மரியாதையைப் பெற்றது, அணியின் தரத்தைக் காலம் உரைத்துப் பார்த்துச் சொன்ன பதில்.

எதிரணிகள் வலுவற்றவை என்ற வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. சான் ஹோசே கல்லூரியுடன் இரண்டு முறை மோதினார்கள். இரண்டு படைத்தள அணிகளும் அட்டவணையில் இருந்தன. அசோசியேட்டட் பிரஸ் பட்டியலில் 14-ஆவது இடம்தான் கிடைத்தது. ஆனால் அதே அளவுகோலை மற்றவர்களுக்கும் வைத்துப் பார்க்க வேண்டும். கேட்டர் பவுலுக்கு அழைக்கப்பட்ட மியாமியும் கிளெம்சனும் அதற்கு முன்பே தோல்வியைச் சந்தித்திருந்தவை. சான் பிரான்சிஸ்கோவிடம் 47-14 என்று தோற்ற பசிபிக் கல்லூரிக்குக்கூட எல் பாசோவின் சன் பவுலில் ஆடும் வாய்ப்பு வந்தது. தோற்றவருக்குத் திறந்த கதவு வென்றவருக்கு மூடியிருந்தது என்றால், அட்டவணையை மட்டும் காரணம் காட்ட முடியாது. மேட்சனையும் டோலரையும் விட்டுவிட்டு வந்தால் ஆரஞ்சு பவுலில் ஆடலாம் என்ற நிபந்தனை தங்களிடம் வந்ததாக அந்த அணியின் வீரர்கள் பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள்.

"அந்தக் காலம் அப்படி, குழுக்களால் வேறென்ன செய்திருக்க முடியும்?" என்பது அடுத்த வாதம். நடந்தது இதை மறுக்கிறது. 1948 புத்தாண்டில், டெக்சாஸின் டல்லாஸ் நகரில் நடந்த காட்டன் பவுலில் பென் ஸ்டேட் அணி தன் கறுப்பின வீரர்கள் இருவருடனேயே ஆடியது. எதிரே நின்ற சதர்ன் மெதடிஸ்ட் அணியும் ஒத்துக்கொண்டது; ஆட்டம் 13-13 என்று சமனில் முடிந்தது. தென்மாநில நகரம் ஒன்றில் 1948-இல் முடிந்தது, நான்கு ஆண்டுகள் கழித்து மியாமியிலும் முடிந்திருக்கும். 1956-இல் கறுப்பின வீரர் பாபி கிரியர் சுகர் பவுலில் ஒரு ஜார்ஜியா அணிக்கு எதிராக ஆடவிருந்தபோது ஜார்ஜியா ஆளுநர் எதிர்த்தார்; அந்த மாநில மாணவர்களோ ஆளுநரை எதிர்த்துத் தெருவில் இறங்கினார்கள். ஆக, காலத்தின்மேல் பழியைப் போட்டுத் தப்ப முடியாது. முடிவெடுத்தவர்கள் மனிதர்கள்; வேறு விதமாகவும் முடிவெடுத்திருக்கலாம்.

ஆரஞ்சு பவுலுக்கான அந்த நிபந்தனையை சான் பிரான்சிஸ்கோ வீரர்கள் ஏற்கவில்லை. இருவரையும் விட்டுவிட்டுப் போகும் பேச்சுக்கே அவர்களிடம் இடமிருக்கவில்லை. நட்டத்தில் தள்ளாடிய அணிக்கு பவுல் ஆட்டத்தின் வருமானம் கைகொடுத்திருக்கும். மறுத்ததால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். அந்த மறுப்பால் பிரிவினைச் சட்டம் மறுநாளே ஒழிந்துவிடவில்லை என்பது உண்மை. ஆனால் ஒன்பது வெற்றிகளையும் ஈட்டித் தந்த உழைப்பில் பங்கிருந்த இருவரைக் கழித்துவிட்டு ஆடியிருந்தால், மியாமியில் இறங்குவது வேறோர் அணியாகத்தான் இருந்திருக்கும். நண்பனை விற்று வாங்கும் ஆட்டத்துக்கு விளையாட்டு என்ற பெயர் பொருந்தாது. அந்த இளைஞர்களுக்கு இது தெரிந்திருந்தது. வயதிலும் பதவியிலும் மூத்த குழுக்காரர்களுக்குத் தெரியவில்லை.

மேட்சன் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 400 மீட்டர் ஓட்டத்தில் வெண்கலமும், தொடர் ஓட்டத்தில் வெள்ளியும் வென்றார். அதே ஆண்டு முழங்காலில் அடிபட்ட டோலரால் தொழில்முறை ஆட்டக்காரராக முடியவில்லை. அவர் ஆசிரியரானார், சான் பிரான்சிஸ்கோவில் பள்ளித் தலைமையாசிரியரும் ஆனார். 1965-இல் தேசியக் கால்பந்து லீகின் முதல் கறுப்பின நடுவராகக் களமிறங்கினார். எவரை விட்டுவிட்டு வரச் சொன்னார்களோ, அவரே பின்னர் அந்த விளையாட்டின் விதிகளைக் காக்கும் இடத்தில் நின்றார். சாதனைப் பட்டியல்களைப் படிக்கும்போது யார் வென்றார்கள் என்பதோடு, யாருக்கு ஆட அனுமதி மறுக்கப்பட்டது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். அப்படிப் படித்தால், 1951-இன் பவுல் ஆட்டங்களில் இல்லாத இந்த அணிதான் அந்த ஆண்டின் மிக நேர்மையான அணி.