எலெக்ட்ரிக் கார் வாங்கப் போறீங்களா? ஷோரூமுக்கு முன்னாடி பார்க்கிங்கைப் பாருங்க!

டெஸ்ட் டிரைவ் முடிந்தது. சத்தமே இல்லை, பிக்-அப் அபாரம், வீட்டில் எல்லோருக்கும் பிடித்துவிட்டது. புக்கிங் பணம் கட்டும் முன், இரவில் கார் நிற்கப்போகும் இடத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். உங்கள் வீட்டு மீட்டரிலிருந்து அங்கே ஒயர் இழுக்க முடியுமா? சென்னை மாதிரி நகரில் எலெக்ட்ரிக் கார் லாபமா, தலைவலியா என்பதைப் பெரும்பாலும் இந்தக் கேள்விதான் முடிவு செய்கிறது.

கரன்ட் பில் எவ்வளவு ஏறும்?

தினமும் சுமார் 40 கி.மீ. ஓட்டும் ஐடி ஊழியர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மாதத்துக்கு 2,000 கி.மீ. ஒரு யூனிட்டுக்கு 7 கி.மீ. வரை ஓடும் கார் என்றால், சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து சுமார் 300 யூனிட் ஆகும்.

வீட்டில் ஏற்கெனவே 400 யூனிட் ஓடுகிறது என்றால் இனி 700. தமிழ்நாட்டு ஸ்லாப் முறையில் இங்கேதான் கவனம் தேவை. 2024 ஜூலை கட்டணப்படி 401-500 யூனிட்டுக்கு 6.45 ரூபாய், 501-600க்கு 8.55, 601-800க்கு 9.65. 500-ஐத் தாண்டினால் கீழ் ஸ்லாபில் கிடைக்கும் மானியமும் குறையும். எல்லாம் சேர்த்துப் பில் சுமார் 2,700 ரூபாய் கூடும். இதே தூரத்துக்கு, லிட்டருக்கு 15 கி.மீ. தரும் காரில் 100 ரூபாய் பெட்ரோல் என்று போட்டால் 13,300 ரூபாய். மாதம் 5,000 ரூபாய்க்கு மேல் மிச்சம்.

வீட்டில் சார்ஜ் செய்ய வழியில்லை, பொது ஃபாஸ்ட் சார்ஜர்தான் கதி என்றால்? யூனிட்டுக்கு 20 ரூபாய் என வைத்தாலும் 6,000 ரூபாய். அப்போதும் பெட்ரோலைவிடக் குறைவுதான். ஆனால் வாரம் ஒன்றிரண்டு முறை சார்ஜரில் காத்திருக்கும் நேரத்துக்கு யார் பில் போடுவது?

அசோசியேஷன் ஒத்துக்கணுமே!

பலரும் நினைப்பதுபோல வீட்டுக்கு ஃபாஸ்ட் சார்ஜர் அவசியமில்லை. 16 ஆம்பியர் சாக்கெட்டில் 3.3 கிலோவாட் சார்ஜர் போதும். 40 கி.மீ. ஓட்டத்துக்கான கரன்ட் இரண்டு மணி நேரத்தில் ஏறிவிடும். 7.2 கிலோவாட் வால்பாக்ஸ் போட்டால்தான் வீட்டின் அனுமதிக்கப்பட்ட மின்சுமை போதுமா என்று மின்வாரியத்தில் பார்க்க வேண்டியிருக்கும்.

வீட்டில் இருக்கும் மின் இணைப்பிலேயே காரை சார்ஜ் செய்யலாம் என்று மத்திய மின்துறை அமைச்சகத்தின் 2022 வழிகாட்டுதல் சொல்கிறது. ஆனால் ஒயர் போவது பொதுச் சுவர் வழியாக. அதனால் பேச்சுவார்த்தை தவிர்க்க முடியாதது. “உங்க வண்டிக்கு நாங்க ஏன் கரன்ட் கட்டணும்?” என்பதுதான் முதலில் வரும் கேள்வி. உங்கள் மீட்டரிலிருந்தே லைன், தனி எம்சிபி, ஆர்சிசிபி, முறையான எர்த்திங், லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியன் என்று எழுதிக் கொடுத்தால் பேச்சு சுலபமாகும். வாடகை வீடு என்றால் ஹவுஸ் ஓனரின் கடிதமும் வேண்டும். இந்த அனுமதி கைக்கு வந்த பிறகு புக் செய்யுங்கள். ஜன்னல் வழியாக எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுக்கும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம்.

சேல்ஸ்மேன் சொல்லும் சலுகைகள்

பெரிய சலுகை ரோடு டாக்ஸ். தமிழ்நாட்டில் 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரையிலான பெட்ரோல் காருக்கு 18 சதவீதம். 15 லட்சம் ரூபாய் காருக்கு 2.7 லட்சம்! எலெக்ட்ரிக் காருக்கு இதில் முழு விலக்கு அளித்தது மாநில அரசு. இது கெடு வைத்து அறிவித்து, நீட்டித்து வரும் சலுகை என்பதால், வண்டி பதிவாகும் நாளில் எந்த அரசாணை அமலில் இருக்கும் என்று கேட்டு, ஆன்-ரோடு விலையை எழுத்தில் வாங்குங்கள்.

ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். ஆனால் 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய பெட்ரோல் கார்களுக்கும் 18 ஆகக் குறைந்துவிட்டதால் பழைய இடைவெளி இப்போது இல்லை.

“லோன் வட்டிக்கு ஒன்றரை லட்சம் வரை வரி விலக்கு சார்” என்று இன்னும் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 80இஇபி பிரிவு, 2023 மார்ச் 31-க்குள் அனுமதிக்கப்பட்ட கடன்களுக்கு மட்டுமே. மத்திய அரசின் ‘பிஎம் இ-டிரைவ்’ மானியமும் சொந்த உபயோகக் கார்களுக்குக் கிடையாது.

வெயில், வெள்ளம், அப்புறம் ஊர்

எல்எஃப்பி, என்எம்சி என இரண்டு வகை பேட்டரிகள் வருகின்றன. நம்ம ஊர் வெயிலுக்கு எல்எஃப்பி கொஞ்சம் நிம்மதி. சூட்டைத் தாங்கும், அடிக்கடி 100 சதவீதம் சார்ஜ் போட்டாலும் சீக்கிரம் தேயாது. பேட்டரிக்கு ஐபி67 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்றுதான் அர்த்தம். 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் தரைத்தளம் மூழ்கிய பகுதிகளில் தண்ணீர் நாள்கணக்கில் நின்றது. வேளச்சேரி, பள்ளிக்கரணைவாசிகள் இன்ஷூரன்ஸில் பேட்டரிக்கான ஆட்-ஆன் இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம்.

விளம்பரத்தில் 450 கி.மீ. ரேஞ்ச் என்றால், ஏசி போட்டு ஹைவேயில் விரட்டும்போது 300 கிடைத்தாலே நல்லது. மதுரை சுமார் 460 கி.மீ. வழியில் ஒருமுறை நிறுத்தியாக வேண்டும். சாதாரண நாளில் டிபன் சாப்பிடும் நேரத்தில் வேலை முடிந்துவிடும். பொங்கலுக்கு முந்தின நாள் என்றால் உங்களுக்கு முன்னால் நாலு கார் நிற்கலாம். அன்றைக்கு மட்டும் ஒருநாள் முன்பே கிளம்புங்கள், இல்லையா, பாண்டியனில் டிக்கெட் போடுங்கள்.