நிவாரண அரிசியும் மாவும்: மாச்சத்தை அறிந்து உண்போம்

இடம்பெயர்ந்த குடும்பம் எவற்றை இழந்தது என்று கேட்டால் வீடு, வயல், மாடு கன்று என்று கணக்குச் சொல்வோம். சாப்பாட்டுக் கோப்பையில் ஏற்பட்ட மாற்றத்தை யாரும் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் உடலுக்கு அது பெரிய மாற்றமாகும்.

மாத்தளை மாவட்டத்தில் இடப்பெயர்வு புதிதல்ல. மொரகஹகந்த, களு கங்கை நீர்த்தேக்கங்களுக்காக மக்கள் தம் ஊர்களை விட்டு எழும்பினார்கள். பழைய லக்கல பல்லேகம நகருக்குப் பதிலாக 2019இல் புதிய நகரம் திறக்கப்பட்டது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி கொண்டுவந்த வெள்ளமும் மண்சரிவும் மேலும் பல குடும்பங்களை வெளியேற்றின. சேனையில் குரக்கனும் சோளனும், வளவில் மரவள்ளியும் பலாக்காயும் எடுத்து உண்டவர்கள், இத்தகைய வேளையில் வெள்ளை அரிசி, கோதுமை மா, சீனி ஆகிய மூன்றையே நம்பியிருக்க நேரிடுகிறது. இம்மூன்றும், பாடப்புத்தகங்கள் காபோவைதரேற்று என்று கூறும் மாச்சத்து நிறைந்தவை. ஆகவே அதைப்பற்றி நாம் அறிந்திருப்பது அவசியமாகும்.

மாச்சத்து எதற்கு?

வேலை செய்வதற்கான சக்தியைத் தருவதே இதன் முதற் பணி. ஒரு கிராம் மாச்சத்து ஏறக்குறைய 4 கலோரி தருகிறது. அது சமிபாடடைந்து குளுக்கோசாக மாறி இரத்தத்தில் கலக்கிறது. மூளைக்கும், மண்வெட்டி பிடிக்கும் கைக்கும் அதுவே எரிபொருள். சக்தி போதாதபோது உடல் புரதத்தை எரிக்கத் தொடங்கும். பிள்ளை வளரவேண்டும் என்று நாம் கொடுக்கும் முட்டையும் பருப்பும் அப்போது வெறும் விறகாகிவிடும். எனவே சோற்றை அடியோடு விடவேண்டும் என்ற பேச்சு உழைப்பவருக்கும் வளரும் பிள்ளைக்கும் பொருந்தாது.

எல்லாம் ஒன்றா?

சீனியில் சக்தியைத் தவிர வேறு சத்து எதுவும் இல்லை எனலாம். தீட்டிய வெள்ளை அரிசியில் தவிடு போய்விடுகிறது. தவிட்டோடு நார்ச்சத்தும் பி1 விற்றமினும் போகின்றன. 1890களில் ஜாவாத் தீவில் எய்க்மன் என்ற டச்சு மருத்துவர், தீட்டிய அரிசியை மட்டும் தின்ற கோழிகள் கால் தளர்ந்து விழுவதையும், தவிட்டோடு கூடிய அரிசி கொடுத்ததும் அவை தேறுவதையும் கண்டார். அவருக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது. நெல்லை அவிக்கும்போது இந்த விற்றமினில் ஒரு பங்கு அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. ஆகவே தெரிவு செய்ய முடிந்தால் தவிட்டரிசியை, அது இல்லாவிட்டால் புழுங்கல் அரிசியை வாங்குவோம்.

குரக்கனில் நார்ச்சத்து உண்டு. 100 கிராம் குரக்கனில் 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியமும் உண்டு. ஆயினும் நன்றாக அரைத்த மா விரைவில் சமிபாடடையும். ஆகவே நீரிழிவு உள்ளவர்கள் குரக்கனையும் அளவோடுதான் உண்ணவேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

• சோற்றோடு பருப்பு, பயறு, கௌப்பி ஆகியவற்றில் ஒன்றைத் தினமும் சேர்ப்போம். தானியத்தின் புரதத்தில் உள்ள குறையைப் பருப்பு வகைகள் நிரப்பும்.

• கோதுமை மா ரொட்டியில் ஒரு பங்கு குரக்கன் மா, தேங்காய்ப்பூ, நறுக்கிய கீரை கலப்போம்.

• வளர்ந்த ஒருவருக்கு நாளுக்கு 50 கிராம் சீனியே மேல் எல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அதில் பாதியாகக் குறைப்பது இன்னும் நல்லது. இரண்டு தேக்கரண்டி வீதம் ஐந்து தேநீர் குடிப்பவர் அந்த எல்லையை நெருங்கிவிடுகிறார்.

• ஆறு மாதம் கடந்த குழந்தைக்கு வெறும் கஞ்சி போதாது. வயிறு நிறையும், சத்து நிறையாது. தாய்ப்பாலோடு, தடிப்பாக மசித்த சோற்றில் பருப்பும் முட்டையும் சிறிது தேங்காய்ப் பாலும் சேர்த்துக் கொடுப்போம்.

• குடியிருக்கும் இடம் தற்காலிகமானாலும் ஒரு பாத்தி வற்றாளைக் கொடி நடுவோம். மூன்று, நான்கு மாதத்தில் கிழங்கு கிடைக்கும். இலையும் கறிக்கு உதவும். வேலியோரத்தில் மரவள்ளித் தடி ஊன்றலாம். மரவள்ளியில் சயனைட்டு நஞ்சு இருப்பதால், தோலை முற்றாக நீக்கி, மூடாமல் நன்றாக அவித்து, அந்த நீரைக் கொட்டிவிட்டே உண்ணவேண்டும். கசக்கும் கிழங்கை உண்ணவே கூடாது.

2022இல் கோதுமை மாவின் விலை ஏறியதை நாம் மறந்திருக்கமாட்டோம். கோதுமை நம் நாட்டில் விளையும் தானியமல்ல. கப்பல் வந்தால்தான் மா உண்டு. வற்றாளைக்கும் மரவள்ளிக்கும் கப்பல் தேவையில்லை. நிலம் கைமாறிப் போனாலும் பயிர்செய்யும் அறிவு நம்மோடுதான் வந்திருக்கிறது. அடுத்த மழைக்கு முன் பக்கத்து வீட்டாரிடம் கொடியோ தடியோ கேட்டு வாங்கி வைப்போம்.