உவர்நிலத்துத் திண்ணை

விழுப்புரம் மாவட்டத்தின் கடற்கரையில் மரக்காணம் என்னும் ஊர் உள்ளது. அதனை அடுத்து உப்பளப் பாத்திகள் கண்ணுக்கெட்டிய தொலைவு வரை பரந்து கிடக்கின்றன. சங்க நூலாகிய சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இப்பகுதியில் இருந்ததென்று அறிஞர் கருதுவர். நெய்தல் நிலத்துக்குரிய இவ்வூரில் வீடு கட்டுவோர் அனைவரும் விடை காணவேண்டிய வினா ஒன்று உண்டு. காற்றிலும் மண்ணிலும் நீரிலும் உப்பு நிறைந்த இடத்தில், வானம் பார்த்துக் கிடக்கும் திண்ணையை நெடுநாள் நிலைக்குமாறு கட்டுவது எவ்வாறு என்பதே அவ்வினா.

திண்ணை வெறும் அலங்காரம் அன்று. விடியற்காலையிலேயே பாத்தியில் இறங்கி உப்பு வாரியவர் வந்து இளைப்பாறும் இடம் அது. முதியோர் உறங்குவதும், பிள்ளைகள் படிப்பதும், வலையின் கிழிசலைச் சரிசெய்வதும் அங்கேதான். மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை இல்லை, கூலியும் இல்லை. ஆதலின், கோடையில் ஈட்டிய பொருளைக் கொண்டு கட்டிய திண்ணை சில ஆண்டுகளிலேயே பொரிந்து உதிருமாயின், அக்குடும்பத்திற்கு நேரும் இழப்புச் சிறிதன்று.

மாணவர்களே! திண்ணை பொரிவதன் காரணத்தை அறிய உப்பளத்தையே பாருங்கள். உவர்நீரைப் பாத்தியில் கட்டுகின்றனர். வெயில் நீரைக் குடிக்கிறது; உப்பு மணிமணியாய்த் தங்குகிறது. இச்செயலே சுவருக்குள்ளும் நிகழ்கின்றது. செங்கல்லில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உள்ளன. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, நிலத்து நீர் அத்துளைகளின் வழியே உப்போடு மேலேறுகிறது. நீர் காற்றில் கலந்துவிட, உப்பு மட்டும் துளைகளில் தங்கி மணியாகிறது. வளரும் மணிகள் துளைச் சுவர்களை நெருக்கிப் பிளக்கின்றன. காற்றின் ஒப்பு ஈரப்பதம் நூற்றுக்கு 75 என்னும் அளவை மிஞ்சினால் அவ்வுப்பு ஈரத்தை ஈர்த்துக் கரைகிறது. குறைந்தால் மீண்டும் மணியாகிறது. இவ்வாறு கரைவதும் விளைவதுமாகச் சுவரே ஒரு சிறிய உப்பளமாகிவிடுகிறது!

இத்தொல்லை கடற்கரைக்கு மட்டும் உரியதன்று. பனி பெய்யும் மலைநாடுகளிலும் வீட்டின் வெளித்தளங்கள் இவ்வாறே சிதைகின்றன. நீர் உறையும்போது அதன் கன அளவு நூற்றுக்கு ஏறத்தாழ 9 பங்கு பெருகும். கல்லின் துளைகளில் தேங்கிய நீர் இரவில் உறைந்து, பகலில் உருகி, மீண்டும் உறையுமாயின் கல் பிளவுபடும். அங்கே பனிக்கட்டி செய்வதை இங்கே உப்பு செய்கிறது. இரண்டிற்கும் வழிவிடுவது உள்ளே தேங்கும் நீரே. இவ்வுறவை இந்தியத் தர நிறுவனத்தின் கற்காரை விதிநூலும் காட்டுகின்றது. 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த அந்நூல், கடல்நீர்த் திவலை படும் கற்காரையையும், ஈரத்தோடு கடுங்குளிரில் உறையும் கற்காரையையும் ஒரே வகுப்பில் வைத்துள்ளது. அவ்வகுப்பில் இரும்புக் கம்பிக்கு மேல் 50 மில்லிமீட்டர் கனத்துக்குக் கற்காரை மூடியிருத்தல் வேண்டும் என்பது விதி. உப்பு உட்புகுந்து கம்பி துருப்பிடித்தால், துரு இரும்பைக் காட்டிலும் பன்மடங்கு இடம் கொண்டு கற்காரையை வெடிக்கச் செய்யும்.

இனி, திண்ணை கட்டும் முறையைக் காண்போம். முதலாவது, உப்பை நாமே உள்ளே கொண்டு சேர்த்தல் கூடாது. கடல் மணலையும் உவர்க் கிணற்று நீரையும் விலக்கி, நன்னீரும் உப்பற்ற மணலும் கொள்ளுதல் வேண்டும். தட்டினால் கணீரென்று ஒலிக்கும், நன்கு வெந்த செங்கல்லே ஏற்றது. இரண்டாவது, நிலத்து நீர் மேலேறாதவாறு தடுத்தல் வேண்டும். அடித்தளத்தைக் கருங்கல்லால் எழுப்பி, அதன்மேல் ஈரம் புகாத ஓர் அடுக்கை இடைவெளியின்றிப் பரப்பியபின் செங்கல் வேலையைத் தொடங்குதல் நன்று. மூன்றாவது, மேலே விழும் நீர் நிற்றல் கூடாது. திண்ணையின் தளம் அடிக்குக் கால் அங்குலம் வெளிப்புறம் சரிந்திருக்கட்டும். கூரையின் இறவாரம் திண்ணையின் விளிம்பைக் கடந்து நீண்டிருக்கட்டும். நான்காவது, மரத்தூணை மண்ணில் புதைத்தல் ஆகாது. வைரம் பாய்ந்த பனையாயினும் கருங்கல் பீடத்தின்மேல் நிறுத்தினால்தான் அதன் அடி உலர்ந்திருக்கும்.

ஐந்தாவதாகப் பூச்சைப் பற்றிச் சொல்லுதல் வேண்டும். பலர் பிழைபடுவது இதில்தான். கடினமானதே உறுதியானது என்றெண்ணி, பொரிந்த பழஞ்சுவரின்மேல் கனத்த சிமெண்டுப் பூச்சை அப்புகின்றனர். அப்பூச்சோ உள்ளிருக்கும் ஈரத்தை எளிதில் வெளிவிடாது. உப்பு பூச்சின் பின்னே திரண்டு, ஒருநாள் செங்கல்லின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு விழச் செய்யும். சுண்ணாம்புப் பூச்சோ ஈரம் உலர வழிவிடும். அது உப்பைத் தன்பால் ஏற்று உதிர்ந்தாலும் செங்கல்லைக் காக்கும். உதிர்ந்த பூச்சைப் புதுப்பிப்பது எளிது. செங்கல்லைப் புதுப்பிப்பது அரிது. மரக்காணத்திற்கு வடக்கே உப்பங்கழியின் கரையில் ஆலம்பரைக் கோட்டை உள்ளது. 18-ஆம் நூற்றாண்டில் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டப்பெற்ற அக்கோட்டை 1760-இல் ஆங்கிலேயரால் சிதைக்கப்பட்டது. ஆயினும் அதன் சுவர்களின் பகுதிகள் இன்றும் நிற்கின்றன.

எத்துணை நன்றாகக் கட்டினும் பேணாதது நிலைக்காது. மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயில் கல்லால் ஆயது. பல்லவர் 8-ஆம் நூற்றாண்டில் எழுப்பியது. அக்கல்லையும் உப்புக்காற்று அரித்துள்ளது. ஆதலின் தொல்லியல் துறையினர் நனைந்த காகிதக் கூழைக் கல்லின்மீது அப்பி, அது உலரும்போது உப்பை வெளியே இழுத்து நீக்குகின்றனர். காற்றைத் தடுக்கச் சவுக்கு மரங்களையும் வளர்த்தனர். 2020-ஆம் ஆண்டு நவம்பரில் நிவர்ப் புயல் மரக்காணத்தை ஒட்டியே கரை கடந்தது. புயல் வருவதை வானிலை அறிஞர் முன்னரே அறிவிப்பர். உப்போ அறிவிப்பின்றி நாள்தோறும் வருகின்றது. மழைக்காலம் கழிந்ததும் திண்ணையைச் சுற்றிப் பார்த்து, பூத்த உப்பை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கி, உதிர்ந்த இடத்தில் சுண்ணாம்பு பூசுதல் ஒருநாள் வேலையே.

நீரோடு பகைத்து அதனை அடைத்துவைக்க முயன்ற சுவர் அழியும். நீருக்கு வெளியேற வழிவிட்ட சுவர் நிற்கும். உங்கள் வீட்டுச் சுவரின் அடியில் வெண்மையாகப் பூத்திருக்கும் உப்பைக் காணும்போது, அந்நீர் எவ்வழியே வந்தது, எவ்வழியே போகிறது என்று முதலில் ஆராயுங்கள். அதன் பின்னரே கொல்லூற்றுக் கரண்டியைக் கையில் எடுங்கள்.