ஏறிய மலையை இறங்குதல்

யாழ்ப்பாணத்துச் சமவெளியில் துவிச்சக்கரவண்டி இல்லாத வீடு அரிது. மாணவரும் கமக்காரரும் அரசாங்க உத்தியோகத்தரும் அதனையே நம்பி வாழ்ந்து வந்துள்ளனர். மலைநாட்டுத் தோட்டங்களிலோ அவ்வண்டியைக் காண்பதே அருமை. வறுமை மட்டும் இதற்குக் காரணமன்று. நிலத்தின் சரிவே முதற் காரணம். அவ்வாறிருக்க, இந்நாளில் உள்நாட்டு இளைஞரும் வெளிநாட்டாரும் ஊவா மாகாணத்து மலைவீதிகளைத் துவிச்சக்கரவண்டியில் ஏறிக் கடக்கின்றனர். இஃது எவ்வாறு இயலுகின்றது? இதில் அபாயம் எங்கே இருக்கின்றது?

இம்மாகாணத்தில் வட்டமாய்ச் சென்று மீளத்தக்க வழியொன்று உண்டு. அது மலையடிவாரத்து வெல்லவாயவில் தொடங்கி, தியலும நீர்வீழ்ச்சியையும் கொஸ்லந்தையையும் தாண்டிப் பெரகலையை அடைகின்றது. அங்கிருந்து வடக்கே திரும்பி அப்புத்தளைக்கு ஏறுகின்றது. பின்னர் பண்டாரவளை, எல்ல ஆகிய ஊர்களின் வழியே சென்று, இராவணன் நீர்வீழ்ச்சியைத் தொட்டு மீண்டும் வெல்லவாயவில் இறங்குகின்றது. முழுத் தூரம் ஏறத்தாழ 90 கிலோமீற்றர். பதுளையிலிருந்து வருவோர் ஹாலிஎல வழியாகப் பண்டாரவளையில் இவ்வட்டத்திற் சேரலாம். வானம் தெளிந்த நாளில் அப்புத்தளையின் விளிம்பில் நிற்பவர், தாழ்நிலங்களுக்கு அப்பால் தென்கடலையும் காண்பர்.

வெல்லவாய கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 200 மீற்றர் உயரத்திலும், அப்புத்தளை ஏறத்தாழ 1,430 மீற்றர் உயரத்திலும் உள்ளன. நேரே ஏற இயலாத இவ்வுயரத்தை, வீதியானது வளைந்து வளைந்து தூரத்தைக் கூட்டி, நூறு மீற்றருக்கு ஏறத்தாழ மூன்று மீற்றர் என்னும் சராசரிச் சரிவாக மாற்றிவிடுகின்றது. 1924இல் பதுளையை எட்டிய புகையிரதப் பாதையை அமைத்தோரும் இவ்வுபாயத்தையே கைக்கொண்டனர். தெமோதரையில் தண்டவாளம் ஒரு சுற்றுச் சுற்றி, அந்நிலையத்தின் அடியிலேயே சுரங்கவழியாகப் புகுந்து செல்வதைப் பயணிகள் அறிவர்.

வண்டியின் பற்சில்லுகளும் இதே வேலையைச் செய்கின்றன. சமவெளி வண்டியில் மிதி ஒருமுறை சுற்றினால் பின்சில்லு இரண்டு முறைக்கு மேல் சுற்றும். மலைக்குரிய வண்டியிலே, சங்கிலியைப் பின்புறத்துப் பெரிய பற்சில்லுக்கு மாற்றினால், மிதியின் ஒரு சுற்றுக்குப் பின்சில்லும் ஒரு சுற்றே சுற்றும். வேகம் குறையும், காலில் விழும் சுமையும் குறையும். மலை சிறுப்பதில்லை, பல சிறு கூறுகளாகப் பிரிந்து வருகின்றது, அவ்வளவே.

ஆயினும் செய்ய வேண்டிய வேலையின் அளவு மாறுவதில்லை. ஆளும் வண்டியும் சேர்ந்து 85 கிலோகிராம் எனக் கொள்வோம். இந்நிறையை 1,200 மீற்றர் உயர்த்துவதற்குப் பத்து இலட்சம் யூல் சக்தி வேண்டும். தசைகள் தாம் செலவிடும் சக்தியில் ஏறத்தாழ காற்பங்கையே வேலையாக மாற்ற வல்லவை. எஞ்சியது வெப்பமாகிப் போகும். ஆதலால் பயணி பசிக்கு முன்னரே உண்டு, தாகத்துக்கு முன்னரே நீர் அருந்தி ஏறுதல் வேண்டும்.

ஏறியபின் நேர்வதைத்தான் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அரும்பாடுபட்டுச் சேர்த்த அச்சக்தி எங்கும் போய்விடுவதில்லை. இறக்கத்தில் முழுவதும் திரும்பி வருகின்றது. எல்லவிலிருந்து வெல்லவாயவுக்கு இறங்கும் ஏறத்தாழ 800 மீற்றரில் மட்டும் வெளிப்படும் சக்தி, இரண்டு லீற்றர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. அதில் ஒரு பகுதியைக் காற்று ஏற்கும். மற்றையதைப் பெரும்பாலும் பிறேக்கே ஏற்க வேண்டும். ஓயாது அழுத்திப் பிடித்தால் சில்லின் வளையம் சூடேறி, ரியூப் வெடிக்கவுங்கூடும். ஆகவே, வளைவுக்கு முன்னரே வேகத்தைக் குறைத்தல், முன் பிறேக்கையும் பின் பிறேக்கையும் மாறி மாறிப் பயன்படுத்தல், இடையிடையே நின்று ஆறவிடுதல் ஆகிய மூன்றும் இன்றியமையாதன. பதறாத காரியம் சிதறாது என்னும் பழமொழி இங்கே சாலப் பொருந்தும். இதே வீதியில் 2025 செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு பேருந்தொன்று பள்ளத்தில் வீழ்ந்து 15 பேர் உயிரிழந்ததை நாடு மறக்கவில்லை.

காலமும் கருத்திற் கொள்ளத்தக்கது. யூலை, ஆகஸ்ட் மாதங்களில் ஊவாத் தேயிலைக்குத் தனி மணம் தரும் கச்சான் காற்று, அப்புத்தளைக் கணவாயில் வண்டியையே சாய்க்கும் வேகத்துடன் வீசும். ஒக்டோபர் முதல் மழையும் மண்சரிவும் அச்சந் தருவன. கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்தின் லயங்களை 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை மலைமண் மூடியது இவ்வழியின் அயலிலேதான். பெப்ரவரி, மார்ச் மாதங்கள் பொதுவாக உகந்தவை.

இறுதியாக ஒன்று. இவ்வீதி பந்தயத்துக்காகப் போடப்பட்டதன்று. காலையில் தோட்டத்துப் பிள்ளைகள் பாடசாலைக்கு நடப்பதும், கொழுந்து பறிக்கும் பெண்கள் பாரத்தைச் சுமந்து கடப்பதும் இதன் ஓரத்திலேதான். ஓசையின்றிப் பாய்ந்துவரும் துவிச்சக்கரவண்டியை அவர்கள் முன்கூட்டியே உணர இயலாது. ஏற்றத்திலே தளர்ந்தவர் தம் கால்களை மட்டுமே வருத்துகின்றார். இறக்கத்திலே தவறியவரோ பிறர் பிள்ளைக்கும் தீங்கு செய்யக்கூடும். வளைவுதோறும் மணியை ஒலித்து, ஒரு குழந்தையைக் கண்டவிடத்து நின்றுவிடக்கூடிய வேகத்தில் இறங்குபவரே இம்மலையை முறையாகக் கடந்தவராவார்.