கேமராவிலிருந்து மடிக்கணினிக்கு

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி ஒருத்தி எழுதியது)

ஒரு காலத்தில் திருமணமானாலும் கோயில் திருவிழாவானாலும் புகைப்படக்காரர் ஒரு சுருளில் 36 படங்களே எடுப்பார். அவற்றைக் கழுவி, அச்சிட்டு, ஆல்பத்தில் ஒட்டிவைப்பார்கள். இன்றோ ஒரே விழாவில் ஐந்நூறு படங்கள் எடுத்துவிடுகிறோம். ஆனால் அவை யாவும் தபால்தலை அளவே உள்ள ஓர் அட்டைக்குள் அடங்கிக் கிடக்கின்றன. அந்த அட்டை பழுதானால் ஐந்நூறும் போயின. ஆகவே, டிஜிட்டல் கேமராவில் எடுத்த படங்களை மடிக்கணினிக்கு மாற்றிப் பாதுகாக்கும் முறையை நாம் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் அவசியம்.

தோற்றம்

ஒளியை மின்சாரமாக மாற்றிப் படமாக்கும் 'சி.சி.டி.' என்னும் கருவியை 1969ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வில்லர்ட் பாயில், ஜார்ஜ் ஸ்மித் என்னும் இருவர் கண்டறிந்தனர். இதற்காக 2009ஆம் ஆண்டு அவர்களுக்குப் பௌதிகத்திற்கான நோபல் பரிசு கிடைத்தது. இக்கருவியைக் கொண்டு 1975ஆம் ஆண்டு கோடாக் நிறுவனத்தின் பொறியாளர் ஸ்டீவன் சாசன் முதல் டிஜிட்டல் கேமராவைச் செய்தார். அதன் எடை ஏறத்தாழ மூன்றரை கிலோ! ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை ஒலிநாடாவில் பதிவு செய்ய அது 23 வினாடிகள் எடுத்துக்கொண்டது. அப்படத்தில் இருந்தவை 10,000 புள்ளிகளே. இன்றைய சாதாரணக் கேமராவின் படம் ஒன்றில் இரண்டு கோடிப் புள்ளிகள் உள்ளன.

அட்டைக்குள் இருப்பது என்ன?

பெரும்பாலான கேமராக்களில் இன்று பயன்படுவது 'எஸ்.டி.' அட்டையாகும். இது 1999ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. இதனுள் படங்கள் எண்களாகவே எழுதப்படுகின்றன. நல்ல கேமராவின் படம் ஒன்று சுமார் 6 மெகாபைட் இடம் பிடிக்கும் எனக் கொண்டால், 16 ஜிகாபைட் அட்டையில் ஏறத்தாழ 2,500 படங்கள் கொள்ளும். எந்த நிறுவனத்தின் கேமராவாயினும் படங்களை 'டி.சி.ஐ.எம்.' என்ற உறைக்குள் வைப்பதே வழக்கம். படம் எடுத்த நாளும் நேரமும் படத்துடனேயே பதிவாகின்றன. எனவே கேமராவின் கடிகாரம் சரியாக இருக்க வேண்டும்.

மாற்றும் முறை

1. கேமராவின் பேட்டரியை நன்கு சார்ஜ் செய்துகொள்ளுங்கள். பாதி வழியில் அது அணைந்துவிடக் கூடாது.

2. கேமராவை அணைத்து, யு.எஸ்.பி. கம்பியால் மடிக்கணினியுடன் இணைத்து, மீண்டும் இயக்குங்கள். அட்டையைக் கழற்றிக் 'கார்டு ரீடர்' வழியாகவும் இணைக்கலாம். அப்போது அட்டையின் பக்கவாட்டில் உள்ள சிறு பூட்டை 'லாக்' பக்கம் தள்ளிவிட்டால், படங்கள் தவறுதலாக அழியாமல் காக்கலாம்.

3. மடிக்கணினியில் ஒரு புதிய உறையை உருவாக்குங்கள். அதன் பெயரை ஆண்டு, மாதம், தேதி, நிகழ்ச்சி என்ற வரிசையில் எழுதுங்கள். இவ்வாறு எழுதினால் உறைகள் தாமாகவே கால வரிசையில் நிற்கும்.

4. 'டி.சி.ஐ.எம்.' உறையைத் திறந்து படங்களைக் காணுங்கள். விண்டோஸ் கணினியில் கண்ட்ரோல் விசையுடன் 'ஏ' அழுத்தினால் எல்லாம் தேர்வாகும். 'சி' அழுத்தினால் நகல் எடுக்கும். புதிய உறைக்குச் சென்று கண்ட்ரோலுடன் 'வி' அழுத்தினால் படங்கள் வந்து சேரும். வினாடிக்கு 30 மெகாபைட் வேகத்தில் 1,000 படங்கள் வரச் சுமார் மூன்றரை நிமிடங்கள் ஆகும். அதுவரை எதையும் அசைக்காதீர்கள்.

5. இரண்டு இடங்களிலும் படங்களின் எண்ணிக்கை ஒன்றாக உள்ளதா என்று பாருங்கள். முதலிலும் நடுவிலும் கடைசியிலும் சில படங்களைத் திறந்து பாருங்கள்.

6. 'எஜெக்ட்' என்னும் கட்டளை கொடுத்த பின்னரே அட்டையைக் கழற்றுங்கள்.

7. பென்டிரைவிலோ தனி ஹார்டு டிஸ்கிலோ இரண்டாம் நகல் ஒன்று எடுங்கள். அதன் பின்னரே அட்டையைக் கேமராவில் இட்டு 'ஃபார்மட்' செய்து காலியாக்க வேண்டும்.

நான் செய்த தவறு

இத்தனை படிகள் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் எண்ணினேன். 2023ஆம் ஆண்டு மே மாதம் என் தம்பி எங்கள் பங்குக் கோயிலில் புதுநன்மை வாங்கினான். சித்தப்பாவின் கேமராவில் 214 படங்கள் எடுத்தோம். அன்று மாலையே படங்களைக் கணினிக்கு மாற்றும் வேலையை நான் ஏற்றேன். அட்டை உடனே காலியாகட்டும் என்று, நகல் எடுப்பதற்குப் பதிலாகக் 'கட்' கட்டளையைக் கொடுத்து நகர்த்தினேன். 90 படங்கள் வந்திருந்தன. வெள்ளை உடையோடு வீடெல்லாம் ஓடிய என் தம்பி கார்டு ரீடரில் இடித்துக்கொண்டான். அது கழன்று விழுந்தது. மீண்டும் செருகியதும், "அட்டையை ஃபார்மட் செய்யவா?" என்று கணினி கேட்டது. பதற்றத்தில் 'ஆம்' என்று அழுத்தப் போனேன். "விளங்காத கேள்விக்கு ஆம் என்று சொல்லாதே" என்று அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் அப்பா அட்டையைப் புகைப்பட நிலையம் ஒன்றுக்குக் கொண்டுபோனார். அங்கிருந்த அண்ணன் படங்களை மீட்கும் மென்பொருளைக் கொண்டு தேடினார். அவர் சொன்ன விளக்கம் எனக்கு இன்றும் மறக்கவில்லை. அட்டையில் படங்கள் ஓரிடத்திலும், எந்தப் படம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை வேறோர் இடத்திலும் எழுதப்படுகின்றன. ஒரு படத்தை நாம் அழிக்கும்போது அட்டவணையில் உள்ள குறிப்பே முதலில் போகிறது. புத்தகத்தின் பொருளடக்கப் பக்கம் கிழிந்தாலும் பாடங்கள் உள்ளே இருப்பதுபோல, அதன் மேல் வேறொன்று எழுதப்படும் வரை படம் அட்டையில் இருக்கக்கூடும். எனவே படங்கள் தொலைந்தால் அந்த அட்டையில் மேற்கொண்டு ஒரு படமும் எடுக்கக் கூடாது. உடனே கழற்றி வைத்துவிட வேண்டும்.

மீதியிருந்த 124 படங்களில் 118 முழுமையாகக் கிடைத்தன. ஐந்து கிடைக்கவே இல்லை. ஒன்று பாதி கிடைத்தது. அது என் பாட்டி தம்பியைத் தம் மடியோடு அணைத்து உட்கார்ந்திருந்த படம். மேல் பாதியில் பாட்டியின் முகம் தெரிகிறது. கீழ்ப் பாதி முழுவதும் சாம்பல் நிறம். பாட்டியின் கையில் இருந்த ஜெபமாலையும் தம்பியும் அந்தச் சாம்பலுக்குள் போய்விட்டார்கள்.

அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் பாட்டி இறைவனடி சேர்ந்தார். அவர் தம்பியுடன் சேர்ந்து எடுத்துக்கொண்ட படம் அன்று அது ஒன்றுதான். அந்தப் பாதிப் படத்தை அப்பா அச்சிட்டுச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார். என்னை அவர் ஒரு வார்த்தை கூடக் கடிந்ததில்லை. ஆயினும் அதன் முன் ஜெபம் சொல்லும்போதெல்லாம், மூன்று நிமிடம் பொறுக்க மாட்டாமல் நான் செய்த அவசரம் என் நினைவுக்கு வருகிறது.

முடிவுரை

கைப்பேசியில் எடுக்கும் படங்களுக்கும் இவ்விதிகள் பொருந்தும். கைப்பேசி தொலைந்தால் அதில் மட்டுமே உள்ள படங்களும் தொலையும். மடிக்கணினியும் ஒருநாள் பழுதடையக் கூடியதே. ஆகையால் எந்தப் படமும் ஓரிடத்தில் மட்டும் இருக்க வேண்டாம். மிக அருமையான சிலவற்றையேனும் காகிதத்தில் அச்சிட்டு வையுங்கள். அதைக் காண மின்சாரமும் வேண்டியதில்லை.

ஐந்து அப்பங்களால் ஐயாயிரம் பேரின் பசி தீர்த்த நம் ஆண்டவர், எஞ்சிய துணுக்குகள் வீணாகாதபடி அவற்றையும் சேர்த்து வைக்கச் சொன்னார். சீடர்கள் பன்னிரண்டு கூடைகள் நிறையச் சேர்த்தார்கள். அப்பத் துணுக்குக்கே அத்தனை அக்கறை என்றால், நம் அன்புக்குரியவர்களின் முகங்களுக்கு எவ்வளவு அக்கறை வேண்டும்! தோழிகளே, இந்த விடுமுறையில் உங்கள் வீட்டுக் கேமராவையும் கைப்பேசியையும் எடுத்துப் பாருங்கள். உங்கள் தாத்தா பாட்டியின் படம் ஓரிடத்தில் மட்டும் இருக்குமாயின், இன்றே இரண்டாம் நகல் எடுத்து வையுங்கள்.